துண்டுவாரி அடர்த்திச் சார்பு

வீச்சின் பகுதிக்குப் பகுதி வாய்பாடு மாறும் நிகழ்தகவு அடர்த்திச் சார்பு. எங்கும் குறை மதிப்பு பெறாது. அதன் மொத்தப் பரப்பு 1.

மயிலாப்பூர் குளத்தருகே அடையாறு பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தின் அடர்த்தி முதல் 10 நிமிடம் 1/15, அடுத்த 10 நிமிடம் 1/30 என்று கொள்வோம் (கற்பனைக் கணக்கே, மாநகரப் பேருந்து வாய்பாடு அறியாது). 12 நிமிடத்துக்குள் பேருந்து வர நிகழ்தகவு என்ன? இரண்டாம் துண்டை மட்டும் தொகையிட்டு 1/15 என்பது மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. முதல் துண்டில் சேர்ந்த 2/3-ஐக் கூட்டினால்தான் குவிவுப் பரவல் சார்பின் மதிப்பு, 11/15, கிடைக்கும். 10-இல் அடர்த்தி துள்ளும். குவிவுச் சார்போ சாய்வு மட்டும் மாறி, அறாமல் தொடரும்.

அடர்த்திக் கருத்தைத் துகள் தொகுதிகளுக்கு விரித்து 1950-இல் ஆய்வு வெளியிட்ட அல்லாடி ராமகிருஷ்ணன், 1962-இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அது இன்று தரமணியில் உள்ளது.