பல்கலைக்கழக வலைப்பின்னலும் பதிப்புரிமைக் காவலும்

பதிப்புரிமை பெற்ற இசைக் கோப்புகளை மாணவர் தம் கணிப்பொறிகளின் வழியே முறையின்றிப் பகிர்ந்துகொள்வதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தடுக்க முற்பட்டமைக்குப் பதிப்புரிமைப் பேணலே காரணம் எனக் கருதுதல் இயல்பே. ஆயின், நிகழ்ச்சிகளைக் கால முறையில் வைத்து நோக்குங்கால் அக்கருத்துப் பொருந்துமாறு இல்லை. அதனை ஈண்டு ஆராய்வாம்.

நாப்ஸ்டர் என்னும் பகிர்வு மென்பொருள் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றிய ஷான் ஃபேனிங், பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். மாணவர் விடுதிகளில் விரைவு மிக்க இணைப்பு இருந்தமையால் அஃது அங்கே எளிதிற் பரவியது. 2000 பிப்ரவரியில் இண்டியானாப் பல்கலைக்கழகம் அதனைத் தடுத்தது. அதற்குக் காட்டிய காரணம் களவன்று, நெரிசலே. கல்விப் பணிக்குரிய இணைப்பில் பெரும்பங்கினை இசைக் கோப்புகள் கவர்ந்துகொண்டன. நாப்ஸ்டர் அமைப்பினரோடு கலந்து நெரிசலைக் குறைக்கும் வழி கண்டதும், மார்ச்சில் அத்தடை நீக்கப்பெற்றது. பதிப்புரிமையே காரணமாயின் தடை நீங்கியிருத்தல் கூடுமோ?

ஏப்ரலில் மெட்டாலிகா என்னும் இசைக்குழு நாப்ஸ்டர் மீது வழக்குத் தொடுத்தபோது, இண்டியானா, யேல், தென் கலிஃபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்களையும் அவ்வழக்கிற் சேர்த்தது. யேலும் இண்டியானாவும் உடனே வாயிலை அடைத்தன. அவற்றின் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. செப்டம்பரில் இசைக்கலைஞர் சார்பில் வழக்கறிஞர் தடை வேண்டி எழுதியபொழுதோ, ஹார்வர்டு முதலிய சில இசைந்தில. எனவே, தடை என்பது கல்வியுலகம் ஒருமித்துக் கண்ட கொள்கை அன்று. வழக்கச்சத்தின் விளைவே எனலாம்.

2003 ஏப்ரலில் இசைப்பதிவு நிறுவனங்கள் மாணவர் நால்வர் மீதே நேராக வழக்காடின. அடுத்த மாதம் அவர்கள் தலைக்கு 12,000 முதல் 17,500 டாலர் வரை செலுத்த உடன்பட்டனர். நிறுவனம் ஒரு வாயிலை அடைத்து வழக்கினின்றும் நீங்கியது. மாணவரோ தனித்து நின்று பொருள் இறுத்தனர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இறுதியாக 2008ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், மாணவர்க்கு ஆண்டுதோறும் அறிவுறுத்தலையும், தொழில்நுட்பத் தடையொன்றேனும் கொள்ளுதலையும், இயன்ற அளவு சட்டத்திற்கு இயைந்த மாற்று வழி அளித்தலையும் கடமையாக்கியது. இதன் விதிகள் 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன.

நெரிசல், வழக்கு, சட்டம் என்னும் இம்மூன்றும் புறத்திருந்து வந்தவை. படைத்தோன் உரிமையை யாம் சிறிதெனக் கொள்ளோம். பிறர் கூற்றை எடுத்தாளுங்கால் உரியவர் பெயரைச் சுட்டுமாறு பயிற்றுவது பல்கலைக்கழகம். அப்பயிற்சியின் பகுதியாகவே படைப்புரிமையையும் அது முதற்கண் கற்பித்திருத்தல் வேண்டும். கற்பித்தல் பின்னாகப் பூட்டுதல் முன்னானதே இவ்வரலாற்றின் குறை என்பது எம் துணிபு.