டாக்டர் ஆக கட்டுரை எழுதணுமா?

1/ அமெரிக்காவில் எழுதணும்னு ஒரு காலம் இருந்துச்சு. 1991 முதல் 2012 வரை, அங்கே மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 30 நிமிஷம். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/ அங்கே மருத்துவ மாணவர்களுக்கான முதல் பொதுத் தேர்வு 1928-ல் வந்தது. சேர்ந்தவங்க நிறைய பேர் பாதியிலேயே படிப்பை விட்டதுதான் காரணம். அறிவியல் தெரிஞ்சா போதாது, யோசிச்சதைத் தெளிவா எழுதவும் தெரியணும் என்று 1991-ல் கட்டுரையைச் சேர்த்தாங்க.

3/ கேள்வி ஒரே ஒரு வரிக் கூற்று. அதுக்கு மூன்று வேலை.
அ. இதன் பொருள் என்ன?
ஆ. இது பொருந்தாத ஒரு சூழ்நிலையைச் சொல்.
இ. எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை எது தீர்மானிக்கிறது?

4/ நானே ஒரு உதாரணம் தர்றேன். "நோயாளியிடம் உண்மையை மறைக்கக் கூடாது." பொருள் புரியுது. ஆனா ஒரு பெரியவர், "எனக்கு எதுவும் சொல்லாதீங்க டாக்டர், பையன்கிட்ட சொல்லுங்க" என்கிறார். இப்போ?

5/ "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று முடிச்சா அது பலவீனமான கட்டுரை. மறைக்கச் சொல்றது நோயாளியா, குடும்பமா? அவரே கேட்டா மதிக்கலாம். மத்தவங்க கேட்டா அது மட்டும் போதாது. இப்படி ஒரு அளவுகோலைச் சொன்னாத்தான் மூணாவது கேள்விக்குப் பதில்.

6/ அதனால 30 நிமிஷத்தில் முதல் 5 நிமிஷம் பேனாவைத் தொடாம யோசிக்கணும். அளவுகோல் கிடைச்ச பிறகு எழுத ஆரம்பிச்சா 20 நிமிஷம் தாராளம். கடைசி 5 திருத்தத்துக்கு. யோசிக்காம ஆரம்பிச்சவங்க முடிவுப் பத்தியில்தான் மாட்டுவாங்க.

7/ ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு தடவை திருத்தி, 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவாங்க. எல்லாம் சேர்ந்து ஜே முதல் டி வரை ஒரு எழுத்தா மாறும். ஆனா மாணவரைத் தேர்ந்தெடுக்க அந்த எழுத்து பெரிசா உதவலை. 2013-ல் கட்டுரையை எடுத்துட்டாங்க. 2015-ல் உளவியலும் சமூகவியலும் உள்ளே வந்தன. அதுவும் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைதான்.

8/ மதிப்பெண் பயன்படலை என்பதால் அந்தப் பயிற்சி வீண் இல்லை. "இந்த விதி இந்த நோயாளிக்குப் பொருந்துமா, எதை வச்சு முடிவு பண்றோம்?" வார்டில் தினமும் இதே கேள்விதான், அதுவும் 30 நிமிஷம்கூட கிடைக்காது. உங்க வீட்டில் எந்த நுழைவுத் தேர்வுக்குக் கட்டுரை எழுதுற பிள்ளை இருந்தாலும், இந்த மூன்று கேள்வியையும் வச்சுப் பழகச் சொல்லுங்க.