தேசப்படத்தில் மறையும் படைகள்

தேசப்படம் வரைபவர் முதலிற் செய்யும் வேலை தெரிவு செய்தலே. எதனை வரைவது, எதனை விடுவது, எதனை மேலே வைத்து எதனைக் கீழே மறைப்பது என்னும் தெரிவின் வரலாற்றை அறியாதவரை, நாம் தேசப்படத்தைப் பார்க்கிறோமேயன்றி வாசிப்பதில்லை.

1815இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற புவிச்சரிதப் படத்தை வெளியிட்ட வில்லியம் சிமித் ஒரு கொல்லனின் மகன். கால்வாய் வெட்டிய இடங்களில் நில அளவையாளராக உழைத்தபோது, பாறைப் படைகள் ஓர் ஒழுங்கிற் கிடப்பதையும், உயிர்ச்சுவடுகளைக் கொண்டு அவற்றை இனங்காணலாம் என்பதையும் அவர் கண்டார். அவ்வுழைப்புக்குக் கிடைத்த முதற் பரிசு 1819இல் கடனாளிச் சிறை. புவிச்சரிதக் கழகத்தின் பதக்கம் 1831இல்தான் வந்தது.

இலங்கையிற் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. குடியேற்ற அரசு அவரிடம் கேட்டது நிலத்தடிச் செல்வத்தின் கணக்கை. ஊரூராகச் சென்ற அவரோ, பாறைக்கு மேலே வாழ்ந்த கைவினைஞரின் நலிவையும் கண்டார். கனிப்பொருட் படத்தில் அதற்கு இடமில்லை. 1908இல் வெளிவந்த அவரது கலைநூலிலேயே அது இடம்பெற்றது.

பாறை, மண், நீர், வீதி யாவற்றையும் ஒரே தாளில் நிரப்பினால் எதுவும் விளங்காது. எனவே ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் தனித்தாளில் வரைந்து, மூலைக்குறிகள் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தனர். 1960களிற் கனடாவில் ரொஜர் டொம்லின்சன் இம்முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தார். இன்று தாளுக்குப் பதில் திரையில் ஒரு பட்டியல். நிறம் நிரப்பிய பாறைப் பரப்பு அடியிலும், பிளவுக் கோடுகள் அதன்மேலும், கிணற்றுப் புள்ளிகள் உச்சியிலும் இருத்தல் வேண்டும்; வரிசை மாறினால் மேலது கீழதை விழுங்கிவிடும். ஆள்கூறுகள் பொருந்தாவிடின் ஊர்க்கிணறு கடலில் நிற்கும். ஒரு படையை அணைத்தால் அது கண்ணுக்கு மறையும், நிலத்திலிருந்து மறையாது.

இதன் பொருளைப் பளையிற் காண்போம். அடியில் மயோசின் காலச் சுண்ணக்கல், மேலே மணல், மணலிலே தென்னை. நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விதி. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி இழப்போம். மணற்படையை மட்டும் காட்டும் படம் மணல் வியாபாரிக்குப் போதும். கிணற்றை நம்பிய தோட்டக்காரனுக்கு அது போதுமா?

இன்னொரு படையும் இங்குண்டு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகள் வசமானபின், 2009 சனவரிவரை பளைக்கு அண்மையிலுள்ள முகமாலையே போர்முன்னரங்காயிற்று. இருதரப்பும் புதைத்த மிதிவெடிகள் மண்ணிலே தங்கின. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 மார்ச்சிற் பளைக்கு மீண்டது. வீதியையும் தண்டவாளத்தையும் காட்டிய படத்தில் அன்று வழி திறந்துவிட்டது. மிதிவெடிப் படத்தை அதன்மேல் வைத்தாலோ, அயலிலே உரியவரே கால்வைக்க முடியாத காணிகள் தெரிந்தன. இரண்டும் உண்மைப் படங்களே. முதலாவதை மட்டும் காட்டி மீள்குடியேற்றம் முடிந்தது என்பவர் மக்களை ஏமாற்றுகிறார்.

ஆசிரியர்களே, மாணவர்களே! மெல்லிய தாள்களில் உங்கள் ஊரின் பாறையையும் நீரையும் காணியுரிமையையும் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். பின்னர் அரசும் கம்பனியும் நீட்டும் எந்தப் படத்தையும் நோக்கி நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதில் அணைக்கப்பட்டிருக்கும் படை யாருடையது?