பழவேற்காட்டின் பெயர் போன வழி

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில் வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டைகள் நெய்தார்கள். அவற்றுக்கு ‘புலிகேட்’ என்று பெயர். நூலும் தறியும் ஸ்காட்லாந்தில். பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ‘புலிகேட்’ எனப்படும் பழவேற்காட்டினுடையது.

அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் சோழமண்டலக் கரை நெசவாளிகள். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதே முக்கியமாகத் துணிக்காகத்தான். இந்தத் துணியைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். கடலோர மணலில் விளைந்த சாயவேரால் நூலுக்குச் சிவப்பேற்றி, பிறகே தறியில் ஏற்றுவார்கள். அதனால் கட்டம் இரு பக்கமும் ஒரே மாதிரி விழும். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

ஸ்காட்லாந்துத் தறிக்காரர்கள் பெயரை எடுத்துக்கொண்டபோது தட்டிக் கேட்க ஆளில்லை, சட்டமும் இல்லை. காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்கு. பதிப்புரிமை ஓர் ஆசிரியரின் படைப்புக்கு. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே செய்துவந்த வேலை இரண்டிலும் அடங்காது. 1997இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி அரிசிக்குக் காப்புரிமை வாங்கியபோது நாடே பதறியது. ஊரின் பெயரைப் பொருளோடு சேர்த்துக் காக்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில். டார்ஜிலிங் தேயிலை முதலில் பதிவானது. காஞ்சிபுரம் பட்டும் பத்தமடைப் பாயும் பின்னால் வந்தன.

இப்படிப் பதிவாகும் பெயர் தனி ஒருவரின் சொத்தல்ல. யாரும் அதை விற்க முடியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போலிப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊரின் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீரான அகலத்தில் வகிர்ந்து, சாயமேற்றிப் பின்னும் வேலை. அகலம் சற்றுப் பிசகினாலும் மூடி பெட்டியில் உட்காராது. இத்தனை நுணுக்கத்தையும் சந்தையில் ஒருவர் பார்த்து அப்படியே செய்துவிடலாம். தோணிரேவின் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடலாம். பழவேற்காட்டுக்கு நடந்தது அதுதான்.

பதிவு கேட்பவர்கள் பொருள் எங்கே, எப்படி, எப்போதிலிருந்து உருவாகிறது என்று காட்ட வேண்டும். பழவேற்காட்டுத் துணிக்கு டச்சுக் கம்பெனியின் கணக்கேடுகள் சாட்சி. தோணிரேவுப் பெட்டிக்கு மூத்த பெண்களின் ஞாபகமும் வீட்டில் கிடக்கும் பழைய பெட்டிகளும்தான். அவற்றைத் தேதி போட்டு எழுதிப் படமெடுத்து வைக்கும் வேலையை அந்த ஊர் மகளிர் குழுவே தொடங்கலாம். விண்ணப்பிக்கும் உரிமையை உற்பத்தியாளர் சங்கத்துக்கும் சட்டம் கொடுத்திருக்கிறது.