மின்னோடி மாதிரி வானூர்தி

மின்னோடி மாதிரி வானூர்தி என்பது, மின்னோடியால் (மோட்டாரால்) சுழற்றப்படும் சுழல்விசிறியைக் கொண்டு பறக்கும் சிறிய, ஆளில்லா வானூர்தி ஆகும். சுழல்விசிறி பேச்சு வழக்கில் புரொப்பெல்லர் எனப்படுகிறது. இத்தகைய வானூர்தி நிலத்தில் நிற்பவரால் வானொலி அலைகள் வழியாக இயக்கப்படுகிறது. பொழுதுபோக்காகவும், போட்டி விளையாட்டாகவும், வானூர்தியியல் கற்பதற்கான செய்முறையாகவும் இதனை அமைக்கின்றனர். பெரிய வானூர்தி பறப்பதற்குக் காரணமான அதே இயற்பியல் விதிகளே இதற்கும் பொருந்தும். ஆயினும் அளவு சிறுக்கும்போது சில பண்புகள் மாறுகின்றன. பெரிய வானூர்தியின் அளவுகளை அப்படியே சுருக்கிச் செய்த மாதிரி பல வேளைகளில் சரியாகப் பறக்காமைக்கு இதுவே காரணம்.

வரலாறு

மாதிரி வானூர்திகள் மனிதரை ஏற்றிச் சென்ற வானூர்திகளுக்கு முற்பட்டவை. 1871 ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெனோ, முறுக்கிய இரப்பர் பட்டையால் சுழல்விசிறியை இயக்கும் மாதிரி ஒன்றைப் பாரிசு நகரில் பறக்கவிட்டார். வால் இறக்கையைச் சிறிது கீழ்நோக்கிச் சாய்த்து அமைத்ததால் அது தானாகவே நிலைத்தன்மையுடன் பறந்தது. 1878 இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களின் தந்தை வாங்கிக் கொடுத்த விளையாட்டு உலங்கு வானூர்தியும் பெனோவின் வடிவமைப்பைத் தழுவியதே. தமக்குப் பறத்தலில் ஆர்வம் பிறக்க அப்பொம்மை காரணமாக இருந்தது என்று அச்சகோதரர்கள் பின்னர் குறிப்பிட்டனர்.

1896 மே 6 அன்று அமெரிக்க அறிவியலாளர் சாமுவேல் லாங்லி, நீராவிப் பொறி பூட்டிய ஆளில்லா மாதிரியைப் பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவுக்குப் பறக்கச் செய்தார். 1937 இல் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் வானொலிக் கட்டுப்பாட்டில் மாதிரி வானூர்தியைப் பறக்கவிட்டனர். அக்காலத்தில் இவ்வானூர்திகளில் பெட்ரோல் பொறிகளே பயன்பட்டன. 1957 சூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் மின்னோடி பூட்டிய வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரியைப் பறக்கவிட்டார். அப்போதைய மின்கலங்கள் எடை மிகுந்தவையாக இருந்தமையால் மின்பறப்பு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இலித்தியம் பாலிமர் மின்கலங்களும் தூரிகையற்ற மின்னோடிகளும் 2000களில் மலிவான பின்னரே இந்நிலை மாறியது.

மாதிரி வானூர்தி எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் குழுவினர் நிகழ்த்திய பறப்பு சான்றாகும். 5 கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ள அவர்களின் பால்சா மர வானூர்தி, கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்து ஏறத்தாழ 39 மணி நேரத்தில் அயர்லாந்தில் இறங்கியது. எனினும் அது எரிபொருளால் இயங்கியது, மின்னோடியால் அன்று.

அளவும் பறப்பும்

ஒரு வானூர்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் இறக்கைப் பரப்பு நான்கில் ஒன்றாகவும், கனஅளவு எட்டில் ஒன்றாகவும் குறையும். எனவே சிறிய வானூர்தியில் இறக்கையின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் தாங்கவேண்டிய எடை குறைவு. இவ்வெடை இறக்கைச் சுமை எனப்படும். பயிற்சி மாதிரிகளுக்கு இது ஒரு சதுர டெசிமீட்டருக்கு 30 முதல் 40 கிராம் வரை இருப்பது பொருத்தமானது.

எடுத்துக்காட்டாக, இறக்கையின் நீளம் 100 செ.மீ., அகலம் 20 செ.மீ., மொத்த எடை 700 கிராம் எனக் கொள்வோம். இறக்கைப் பரப்பு 20 சதுர டெசிமீட்டர். இறக்கைச் சுமை 35 கிராம். கடல்மட்டத்தில், சீர்தர வளியடர்த்தியில், இது நொடிக்கு ஏறத்தாழ 7.1 மீட்டருக்குக் குறைவாகப் பறந்தால் தூக்குவிசையை இழந்து விழும். இதே வானூர்தி 1 கிலோகிராமாக எடை கூடினால் அவ்வேகம் நொடிக்கு 8.5 மீட்டராக உயரும். தொடக்கநிலையாளரின் மாதிரிகள் விழுந்து உடைவதற்குத் தேவையற்ற எடையே முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இடத்தின் உயரமும் வெப்பமும் இக்கணக்கை மாற்றுகின்றன. தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு 35 பாகை செல்சியசு வெப்பமுள்ள பிற்பகலில் வளியின் அடர்த்தி சீர்தர அளவைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு குறைவாக இருக்கும். மேற்கூறிய வானூர்தி அங்கு நொடிக்கு 7.6 மீட்டர் வேகத்துக்கு மேல் பறந்தாக வேண்டும். சுழல்விசிறி தரும் உந்துவிசையும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே சென்னைக் கடற்கரையோரம் எளிதாக எழும்பிய மாதிரி, மேட்டுநிலத்தின் கோடை வெயிலில் தயங்கி எழும்புவதில் வியப்பில்லை.

பகுதிகள்

பொதுவான மின்னோடி மாதிரி வானூர்தியில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

மின்னோடி: தற்போது பெரும்பாலும் தூரிகையற்ற மின்னோடிகளே பயன்படுகின்றன. இவற்றின் மீது குறிக்கப்படும் கேவி எண், சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்றுகள் என்பதைக் காட்டும். 1000 கேவி மின்னோடி 11.1 வோல்ட்டில், சுமையின்றி, நிமிடத்துக்கு 11,100 முறை சுழலும்.

சுழல்விசிறி: இதன் அளவு இரண்டு எண்களால் குறிக்கப்படும். 10 x 4.5 என்பதில் முதல் எண் விட்டம். இரண்டாவது எண் ஒரு சுற்றில் கோட்பாட்டளவில் முன்னேறும் தொலைவு. இரண்டும் அங்குலத்தில் அமைந்தவை. இவ்விசிறி நிமிடத்துக்கு 8,000 முறை சுழன்றால் அதன் முன்னேற்ற வேகம் நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர். இது வானூர்தி விழும் வேகத்தைப் போல் இரு மடங்காவது இருப்பது நன்று.

மின்னணு வேகக் கட்டுப்படுத்தி: மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை மின்னோடியின் மூன்று கம்பிகளுக்கும் முறைமாற்றி வழங்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. ஏற்பிக்கும் சர்வோக்களுக்கும் தேவையான 5 வோல்ட் மின்சாரத்தையும் பெரும்பாலான கட்டுப்படுத்திகள் வழங்குகின்றன.

மின்கலம்: மூன்று அறைகள் கொண்ட 2,200 மில்லி ஆம்பியர் மணி இலித்தியம் பாலிமர் மின்கலம் பரவலாகப் பயன்படுகிறது. பறக்கும்போது சராசரியாக 9 ஆம்பியர் செலவானால், கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தும் நிலையில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் பறக்கலாம்.

சர்வோ: சுக்கான், உயர்த்தி ஆகிய அசையும் பரப்புகளை இழுக்கும் சிறு இயந்திரம். ஏற்பியிலிருந்து வரும் மின்துடிப்பின் நீளத்துக்கு ஏற்ப அதன் கை திரும்பும். 1.5 மில்லிநொடித் துடிப்பு கையை நடுவில் நிறுத்தும். 1, 2 மில்லிநொடித் துடிப்புகள் இரு ஓரங்களுக்கும் திருப்பும்.

பரப்பியும் ஏற்பியும்: முன்னர் 27, 35, 72 மெகா எர்ட்சு அலைவரிசைகள் பயன்பட்டன. ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் இரண்டு வானூர்திகளும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலை இருந்தது. 2.4 கிகா எர்ட்சுக் கருவிகளில் ஏற்பி தனக்குரிய பரப்பியை மட்டுமே இனங்காண்பதால் இச்சிக்கல் பெரிதும் நீங்கியது.

அமைக்கும் முறை

இறக்கைக்குப் பால்சா மரம், தெர்மாகோல், நுரைத்தகடு, உள்ளீடற்ற நெளிவுப் பிளாஸ்டிக் அட்டை ஆகியன பயன்படுகின்றன. பால்சா இலேசானது, உறுதியானது. ஆனால் விலை மிகுந்தது. தெர்மாகோல் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். அதனை இறக்கையின் நீளவாட்டில் பதித்த மூங்கில் சிம்பு அல்லது கார்பன் இழைக் குழாயால் வலுப்படுத்த வேண்டும். உடனடியாக ஒட்டும் சாதாரணப் பசையும் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பசைகளும் தெர்மாகோலை அரித்துவிடும் என்பதால், மரவேலைக்கான வெள்ளைப் பசையைப் பயன்படுத்த வேண்டும். சர்வோவையும் சுக்கானையும் இணைக்கும் கம்பியாக மிதிவண்டிச் சக்கரக் கம்பி உதவும்.

தொடக்கநிலை மாதிரிக்குப் பின்வரும் அளவுகள் பொருந்தும்.

- இறக்கை உடற்பகுதிக்கு மேலே அமைய வேண்டும். எயிலரான் இல்லாத வானூர்தியில் இறக்கையின் இரு முனைகளும் சில பாகைகள் மேல்நோக்கி உயர்ந்திருக்க வேண்டும். சாய்ந்த வானூர்தி தானே நிமிர இது உதவும்.
- கிடைநிலை வாலின் பரப்பு, இறக்கைப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.
- இறக்கைக்கும் வாலுக்கும் இடையிலான தொலைவு, இறக்கை அகலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.
- மின்னோடி வலப்புறமாகவும் கீழ்நோக்கியும் இரண்டு பாகை அளவு சாய்ந்திருக்க வேண்டும். விசிறியின் சுழற்சி வானூர்தியை இடப்புறம் திருப்ப முயல்வதை இது ஈடுசெய்யும்.

ஈர்ப்பு மையம்

மாதிரி வானூர்தி பறக்குமா என்பதை முடிவு செய்வதில் ஈர்ப்பு மையத்தின் இடமே முதன்மையானது. இது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அகலத்தில் 25 முதல் 33 விழுக்காட்டுத் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். 20 செ.மீ. அகல இறக்கைக்கு இது 5 முதல் 6.6 செ.மீ. வரையாகும். மின்கலம் உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பின், அவ்விடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல் நுனிகளால் தாங்கிப் பார்க்கலாம். மூக்கு சற்றே தாழ்ந்து நிற்குமாயின் நன்று. வால் தாழ்ந்தால் மின்கலத்தை முன்னே நகர்த்த வேண்டும். மூக்கு கனத்த வானூர்தி மந்தமாகவேனும் பறக்கும். வால் கனத்த வானூர்தியைக் கட்டுப்படுத்துவது தேர்ந்தவருக்கும் கடினம்.

முதற் பறப்பு

அறுவடை முடிந்த வயல் அல்லது புல்வெளி, மின்கம்பிகளும் தென்னைகளும் இல்லாத திறந்த இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். ஆடி மாதத்தில் காற்று வலுத்து வீசுவதால் அப்பருவம் தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று. மற்ற மாதங்களில் காற்றடங்கிய விடியற்காலை பொருத்தமான நேரமாகும்.

மின்னோடியை இயக்காமல், காற்றை எதிர்நோக்கிக் கிடையாக மெல்ல எறிந்து சறுக்கவிடுவது முதற்சோதனை. மூக்குக் குத்தி விழுந்தால் முன்புறம் கனம்; மேலெழுந்து நின்று விழுந்தால் பின்புறம் கனம். பின்னர்ச் சுக்கானும் உயர்த்தியும் கட்டளைக்கேற்ற திசையில் அசைகின்றனவா எனப் பார்க்க வேண்டும். வானூர்தி இயக்குபவரை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். கணினியில் பறப்புப் போன்மி மென்பொருள் கொண்டு முன்பே பழகுவது இக்குழப்பத்தைப் போக்கும்.

பாதுகாப்பு

மின்னோடியின் விசிறி விரலை ஆழமாக வெட்டக்கூடியது. எரிபொருள் பொறி தடையுற்றால் நின்றுவிடுவது உண்டு. மின்னோடியோ தடையுற்றாலும் மேலும் மின்னோட்டத்தை இழுத்துத் தொடர்ந்து சுழல முயலும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுதல் வேண்டும். பரப்பியை முதலில் இயக்கி, மின்கலத்தைப் பின்னரே இணைக்க வேண்டும். நிறுத்தும்போது மின்கலத்தை முதலில் கழற்ற வேண்டும்.

இலித்தியம் பாலிமர் மின்கலம் தவறாகக் கையாளப்பட்டால் தீப்பிடிக்கும். ஓர் அறையின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை மீறக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. இதற்கெனச் செய்யப்பட்ட, அறைகளைச் சமன்படுத்தும் மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மின்னேற்றும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். உப்பிய அல்லது அடிபட்ட மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. நெடுநாள் வைத்திருப்பதாயின் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். கோடையில் மூடிய வாகனத்துக்குள் விட்டுச் செல்வது ஆபத்தானது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவில் மாதிரி வானூர்தி அமைத்தல் பயிற்சியின் ஒரு பகுதியாகும். அகில இந்திய வாயு சைனிக் முகாமில் இதற்கான போட்டிகளும் இடம்பெறுகின்றன. பள்ளி, கல்லூரி மாணவர் பலருக்கு இக்கலை முதலில் அறிமுகமாவது இப்படை வழியாகவே.

1949 இல் குரோம்பேட்டையில் நிறுவப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) வானூர்திப் பொறியியல் கற்பிக்கப்பட்டு வருகிறது. அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரு பழைய வானூர்திகளே தம்மை அத்துறைக்கு ஈர்த்தன என அதன் முன்னாள் மாணவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். இக்கழகத்தின் தக்சா மாணவர் குழு ஆளில்லா வானூர்திகளை வடிவமைத்துப் பெயர் பெற்றது. மாதிரி வானூர்திகளில் ஈடுபாடுடைய நடிகர் அஜித் குமார் 2018 இல் இக்குழுவின் ஆலோசகராக இருந்தார்.

முழு அளவிலான சுழல்விசிறி வானூர்திகளும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. 1994 இல் ஓசூரில் தொடங்கப்பட்ட தனேஜா விண்வெளி மற்றும் வான்போக்குவரத்து நிறுவனம், இத்தாலியப் பார்த்தெனாவியா நிறுவனத்தின் வடிவமைப்பில் இரட்டைப் பொறி கொண்ட பி68 வானூர்திகளைத் தயாரித்தது. 2004 இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்தது.

சட்ட விதிகள்

இந்தியாவில் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகள் மாதிரி வானூர்திகளுக்கும் பொருந்தும். கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும், 25 கிலோகிராமுக்கு மேற்படாத, கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இயக்கப்படும் வானூர்தியே இவ்விதிகளில் மாதிரி எனப்படுகிறது. இதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோகிராம் வரையுள்ளவற்றை வணிக நோக்கமின்றி இயக்குவோருக்குத் தொலைவானோட்டிச் சான்றிதழும் தேவையில்லை.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி (120 மீட்டர்) உயரம் வரை முன்னனுமதியின்றிப் பறக்கவிடலாம். வானூர்தி நிலையங்களின் சுற்றுப்புறம் மஞ்சள் அல்லது சிவப்பு மண்டலமாக இருக்கும். சிவப்பு மண்டலத்தில் நடுவண் அரசின் அனுமதி இன்றியமையாதது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பது தேவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- வானூர்தி
- காற்றியக்கவியல்
- தூரிகையற்ற மின்னோடி
- இலித்தியம் பாலிமர் மின்கலம்
- ஆளில்லா வானூர்தி
- ரைட் சகோதரர்கள்