களுமெதிரிய மரமும் வேர்க்கட்டை வேலைப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் கறுவா, கோப்பி, தேயிலை ஆகியவற்றுக்கு அளிக்கும் இடத்தைக் காட்டு மரங்களுக்கு அளிப்பது அரிது. எனினும் அந்நியராட்சிக் காலத்தில் இந்நாட்டின் இயற்கை வளம் எவ்வாறு நுகரப்பட்டது என்பதை அறிய ஒரு மரத்தின் வரலாறே போதிய சான்றாகும். கருங்காலியின் இனத்தைச் சேர்ந்ததும் சிங்களத்தில் ‘களுமெதிரிய’ என்றும் ஐரோப்பியரால் ‘கலமாண்டர்’ என்றும் வழங்கப்பட்டதுமான மரமே அது.

தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வளரும் இம்மரத்தின் வைரம் மங்கிய கபில நிறத்தது. அதன்மீது கரிய கோடுகளும் திட்டுக்களும் அலையலையாகப் படர்ந்திருக்கும். கரையோரப் பகுதிகளை 1796 வரை ஆண்ட ஒல்லாந்தரும், அவர்க்குப்பின் வந்த ஆங்கிலேயரும் தளபாடங்கள் செய்வதற்கு இதனைப் பெரிதும் விரும்பினர். வெட்டியவர்கள் மீள நட்டாரல்லர்.

1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதன் விளைவைப் பதிவு செய்துள்ளார். பெரிய அளவான மரம் எவ்விலைக்கும் கிடைப்பதரிது என்றும், சப்பிரகமுவப் பகுதி போன்ற சில இடங்களிலேயே சிறு துண்டுகளேனும் அகப்படுகின்றன என்றும் அவர் கூறுகின்றார். இவ்வகை மரங்களின் முறுக்குண்ட பகுதிகளும், சிறப்பாக வேர்களும், ஒப்பற்ற அழகு வாய்ந்தன என்பதும், நாட்டுத் தலைவர்கள் அவ்வேர்களை உவந்தேற்கும் பரிசிலாகக் கருதினர் என்பதும் அவர் தரும் செய்திகளாகும். அடிமரம் அருகிய காலத்தில் வேர் பரிசிலாக மதிக்கப்பட்டமை ஊன்றி நோக்கற்பாலது.

வேரின் அழகுக்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. தண்டின் நார்கள் பெரும்பாலும் நேராக ஓடுவன. தண்டு வேர்களாகப் பிரியும் அடிக்கட்டையிலோ அவை வளைந்தும் பின்னியும் செல்கின்றன. அவ்விடத்தை அரியும்போது வாள் நார்களைப் பல கோணங்களில் வெட்டுவதால் சுழிகளும் அலைகளும் தோன்றுகின்றன.

ஆனால் அழகைத் தரும் அதே முறுக்கு தச்சனுக்கு இடர்ப்பாட்டையும் தருகின்றது. மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்திலும் ஏறத்தாழ இரு மடங்காகும். நேரிய பலகையில் இவ்வேறுபாட்டை முன்னரே கணித்துக்கொள்ளலாம். முறுகிய வேர்க்கட்டையிலோ ஒவ்வொரு விரற்கடையும் ஒவ்வொரு திசையில் சுருங்கும். வெயிலில் இட்டால் கட்டை வெடித்துவிடும். ஆதலால் அதனை நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், வெட்டுமுகங்களை மெழுகு போன்றவற்றால் மூடி, நெடுங்காலம் உலர்த்த வேண்டும். களுமெதிரிய மரத்தின் எடை கன அடிக்கு 60 இறாத்தல் அளவினது என ரெனன்ற் குறிப்பிடுவதால், இத்தகைய அடர்ந்த மரத்தின் உள்ளீரம் வெளியேறுவதற்குப் பொறுமை மிக வேண்டும் என்பது தெளிவு. உலர்ந்தபின் அது கண்ணாடிபோல் மெருகேறும். பெரிய பலகை கிட்டாமையால் வேரை மெல்லிய தகடுகளாக அரிந்து, சாதாரண மரத்தின்மேல் ஒட்டுதலும் சிறு பெட்டிகள் செய்தலும் ஏற்ற முறைகளாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலித் துறைமுகத்திற் கப்பற் பயணிகளுக்கு விற்கப்பட்ட பெட்டிகளிற் பலவகை மரத்துண்டுகள் இழைக்கப்பட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இவ்வேலைப்பாட்டைத் தச்சரின் திறமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தண்டு வெட்டப்பட்ட மரங்கள் பல அடிக்கட்டையிலிருந்து மீளத் துளிர்க்கும். அடிக்கட்டையையும் அகழ்ந்தெடுத்தால் அவ்வாய்ப்பும் அற்றுப்போகும். எஞ்சியதைப் பேணும் கலை, எஞ்சியதை முடிக்கும் தொழிலாகவும் மாறக்கூடும்.

இம்மரம் அற்றுப்போகும் நிலையில் உள்ளதென்பதை ரெனன்ற் உணர்ந்திருந்தார். ஆயினும் அது இலங்கைக்கே உரியதன்று, இந்தியாவின் தென்கிழக்குக் கரையிலிருந்து மீண்டும் கொணரலாம் என அவர் நம்பினார். ‘கலமாண்டர்’ என்பது ‘கோரமண்டல்’ என்பதன் திரிபென அவர் கருதியமை இந்நம்பிக்கையை வலுப்படுத்தியது. கோரமண்டல் என்பது நம் சோழமண்டலமே. அக்கரையின் பெயரால் வழங்கும் கருங்காலி வேறோர் இனம். பீடி சுற்றப் பயன்படும் இலையைத் தருவது அதுவே. களுமெதிரிய இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. சொல்லின் ஒலி ஒற்றுமையை மரத்தின் தாயகத்துக்குச் சான்றாகக் கொண்டமையே இங்கு நேர்ந்த பிழை. மரத்தின் அழிவுக்கு இப்பிழையே காரணம் என்பது மிகையாகும். ஆயின் ஈடுசெய்யமுடியாத இழப்பை ஈடுசெய்யக்கூடியதாகக் காட்டியதில் அதற்குப் பங்குண்டு.

பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவைற்ஸ், 1858 தொடக்கம் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைத் தாவர நூலில் இதற்கு ‘டயோஸ்பைரோஸ் குவேசிற்றா’ எனப் பெயரிட்டார். ‘குவேசிற்றா’ என்னும் இலத்தீன் சொல் ‘தேடப்பட்டது’ எனப் பொருள்படும். காடுகளைப் பேணுவதற்கான கட்டளைச் சட்டம் 1885இலேயே பிறந்தது. அதற்குமுன் தேடல் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

பழைய இல்லங்களில் எஞ்சியிருக்கும் களுமெதிரியப் பெட்டி ஒன்றின் மெருகில் தச்சனின் பொறுமை தெரிகின்றது. அப்பெட்டி ஏன் அத்துணைச் சிறியது என்ற வினாவுக்கு விடைகூறுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.