தண்டுவட எபென்டிமோமா

தண்டுவட எபென்டிமோமா, தண்டுவடத்தின் நடுக்கால்வாயில் உட்பூச்சாக அமைந்த எபென்டிமல் செல்களை ஒத்த செல்களாலான கட்டி. தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் கட்டிகள் அரியவை. மைய நரம்பு மண்டலக் கட்டிகளில் நூற்றுக்கு 2 முதல் 4 வரையே இவ்வகையைச் சேர்ந்தவை. பெரியவர்களிடம் இவற்றுள் முதலிடம் எபென்டிமோமாவுக்கு, குழந்தைகளிடம் அஸ்ட்ரோசைட்டோமாவுக்கு.

வகைகள்

பெரும்பாலானவை கழுத்துப் பகுதியில் மெல்ல வளர்பவை. தண்டுவடத்தின் கீழ்முனையில் மிக்ஸோபாப்பிலரி வகை தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு இதை 1ஆம் தரத்திலிருந்து 2ஆம் தரத்துக்கு உயர்த்தியது. விரைந்து பரவும் எம்ஒய்சிஎன் மரபணுப் பெருக்க வகையைத் தனியாகவும் பிரித்தது. என்எஃப்2 மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு இக்கட்டி வரும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறிகள்

கழுத்து அல்லது முதுகு வலி, மரத்துப்போதல், நடை தடுமாற்றம், பின்னர் சிறுநீர், மலக் கட்டுப்பாடு குலைதல். படுத்திருக்கும்போது வலி கூடுவதுண்டு. சாதாரண முதுகுவலி என்றே பல மாதங்கள் கழிந்துவிடுவதால் கட்டி தாமதமாகவே தெரியவருகிறது. எம்.ஆர்.ஐ. பரிசோதனையே முதன்மையானது.

சிகிச்சை

வியன்னாவில் அன்டன் ஃபொன் ஐசெல்ஸ்பர்க் 1907இல் தண்டுவட உட்கட்டி ஒன்றை வெற்றிகரமாக அகற்றினார். நியூயார்க்கின் சார்லஸ் எல்ஸ்பர்க் 1911இல் இருகட்ட முறையை விவரித்தார்: தண்டுவடத்தைக் கீறிவிட்டு, கட்டி தானாக வெளியே பிதுங்கக் காத்திருந்து, சில நாள் கழித்து அகற்றுவது. இன்று நுண்ணோக்கியின் உதவியுடன், நரம்புச் சமிக்ஞைகளைக் கண்காணித்தபடியே அறுவை நடக்கிறது. தண்டுவடத்திலிருந்து இக்கட்டி பெரும்பாலும் தெளிவாகப் பிரிந்து நிற்பதால் முழுமையாக எடுக்க முடிகிறது. மிச்சம் இருந்தாலோ மீண்டும் வளர்ந்தாலோ கதிர்வீச்சு அளிக்கப்படும். வேதிச்சிகிச்சையின் பயன் குறைவு.

சிகிச்சைக்குப் பின்

பெரியவர்களில் 10இல் 9 பேருக்கு மேல் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். ஆனால் எவ்வளவு நன்றாக நடமாடுவார்கள் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அறுவைக்கு முந்தைய நிலையே. தடையின்றி நடந்து வந்தவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். முற்றிலும் செயலிழந்த கால்கள் மீள்வது அரிது. இந்த ஒப்பீட்டுக்கு 1990இல் உருவான மெக்கார்மிக் அளவுகோல் பயன்படுகிறது. அதன் 1ஆம் நிலை இயல்பான நடை, 4ஆம் நிலை கடும் குறைபாடு.

அறுவை முடிந்ததும் பலருக்கு உணர்ச்சிக் குறைவும் தள்ளாட்டமும் கூடும். பின்புற உணர்வுப் பாதைகளின் வழியே கீற வேண்டியிருப்பதே காரணம். உடற்பயிற்சி மருத்துவத்துடன் இவை சில மாதங்களில் ஓரளவு தணியும். எரிச்சலும் நரம்பு வலியும் சிலருக்கு நீடிக்கும். முழுமையாக அகற்றிய கட்டியும் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு நீண்ட காலம் தொடர்கிறது.